மரகதவல்லியும் கம்பங்கொல்லைக் கிளிகளும்

சிங்காரவேலு நாவல் எழுதப் போகிறான் என்ற செய்தி பாகூரில் யாரையும் பாதிக்கவில்லை. புதுச்சேரியில் கல்லூரிக்குப் போய், பரீட்சையில் தவறி, ஒரு தகரப் பெட்டியும் ஒரு கட்டு வெள்ளைக் காகிதமுமாக ஊர் திரும்பியவன் அவன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். காகிதம் எதற்கு என்று ஒருவரும் கேட்காததால் அவனே வலியப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அவனுடைய நைனா உலகநாதன், ஏரிப் பாசனத்தில் நெல்லும் தண்ணீர் ஏறாத மேட்டில் கம்பும் போடுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தார்.

"எப்ப முடியும்?"

"தை பொறக்கறதுக்குள்ள முடிச்சிடுவேன், நைனா."

"முடி. முடியலன்னா சைகோனுக்குக் கப்பலு ஏறு. ஒங்க மாமன் அங்க துறைமுகத்துல எடம் பாத்து வெச்சிருக்கான். அதுவும் எழுதற வேலதான். எறங்கற மூட்டைய எண்ணி எழுதணும்."

அரியாங்குப்பம் ஆற்றை வண்டியில், அதுவும் பாலத்தின் மேல் கடக்கும்போதே தலை சுற்றுகிறவன் சிங்காரவேலு. கப்பல் என்ற சொல்லுக்கே அவனுக்கு எச்சில் ஊறிக் குமட்டியது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தான்.

உட்கார்ந்தான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். மச்சில் உட்கார்ந்தால், மழை தூறுகிறது, காயப்போட்ட மிளகாயை வாரு என்று கீழிருந்து குரல் வரும். நெல் அறையில் உட்கார்ந்தால், மரக்காலோடு வருகிறவர்களுக்கெல்லாம் எழுந்து வழிவிட வேண்டும். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தபோது முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைக் கிடாரிக் கன்று தின்றுவிட்டது. அந்த நாவலை அதுவரை முழுமையாக உட்கொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

அண்ணி தையலம்மாளுக்கு அவனைக் கூப்பிட நேரம் காலம் கிடையாது.

"தம்பி, சும்மாதான குந்திக்கினு இருக்க? இந்தக் கொழந்தையக் கொஞ்சம் புடி."

"எழுதிக்கினு இருக்கேன், அண்ணி."

"அதான், சும்மா இருக்கியேன்னுதான் கூப்ட்டேன்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

ஆவணி முடிந்தது. கதாநாயகி மரகதவல்லி இன்னும் பிறக்கவே இல்லை. அந்தச் சமயத்தில் மேட்டுக்கொல்லையில் கம்பு பால் பிடித்தது. கிளி விரட்டுகிற அய்யனார், மகளுக்குப் பிரசவம் என்று மடுகரைக்குப் போய்விட்டான். பரண் காலியாக இருந்தது.

"நான் போறேன், நைனா" என்றான் சிங்காரவேலு.

அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் சோற்றுத் தூக்கு, கவண், ஒரு காலி சீமெண்ணெய்த் தகரம், அதைத் தட்ட ஒரு குச்சி, மடியில் காகிதமும் பென்சிலும் என்று பரணில் ஏறினான். நாலு கால் நட்டு, மேலே ஓலை வேய்ந்த அந்தப் பரணில் ஓர் ஆள் சம்மணம் போடலாம். இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. உலகத்தில் இதைவிட நல்ல அறையை எந்தக் கொத்தனாரும் கட்டியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அங்கிருந்து அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றினாலும், "அவன் வேலயில கீறான், விடு" என்று சொல்லிக்கொண்டார்கள். எழுதினபோது சும்மா இருந்தவன், சும்மா உட்கார்ந்தபோது வேலைக்காரனாகிவிட்டான்.

கிளிகள்தான் கூப்பிட்டன. ஒரு பாரா எழுதுவான்; கூட்டமாக இறங்கும். தகரத்தைத் தட்டி, "ஓஒய்ய்... சூ..." என்று அடித்தொண்டையில் கத்துவான், பறந்துவிடும். திரும்பக் குனிந்தால் அடுத்த பாரா வரிசையில் நின்றுகொண்டிருக்கும். எங்கே கதை முட்டிக்கொள்கிறதோ சரியாக அங்கே கிளி வந்தது. சில நாள் வெறும் கூச்சலுக்குப் பதில் கதை வசனத்தையே கத்தினான். "பாதகா! என் முகத்தில் விழிக்காதே!" என்றதும் கொல்லை முழுக்கக் காலியாயிற்று. எந்த வசனத்துக்குக் கிளி எழும்பவில்லையோ அதை அடித்துவிட்டு வேறு எழுதினான். மரகதவல்லி பிறந்தாள், வளர்ந்தாள், வேண்டாத ஒருவனை நம்பினாள், ஏமாந்தாள்.

பக்கத்து நிலத்துத் தங்கவேல் வரப்பில் நின்று அண்ணாந்து கேட்பார்.

"யார்ரா அந்தப் பாதகன்?"

"புதுச்சேரிக்காரன், மாமா."

"அதான பாத்தேன்" என்று தங்கவேல் திருப்தியோடு போய்விடுவார்.

ஐப்பசி மழை முந்திக்கொள்ளும் போலிருந்ததால், உலகநாதன் சட்டென்று அறுப்புக்கு ஆள் விட்டார். அன்று சிங்காரவேலு கடைசி அத்தியாயத்தில் இருந்தான். மரகதவல்லி புதுச்சேரிக் கடல் பாலத்தின் நுனியில் நிற்கிறாள். காதலனின் கப்பல் தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. குதிக்க அவள் ஒரு காலைத் தூக்குகிறாள். அந்த இடத்தில் அறுப்பு ஆட்கள் பரணை அசைத்து, இறங்கச் சொன்னார்கள்.

அந்த வருஷம் கம்பு அமோகமாய் விளைந்திருந்தது. கதிரில் பொக்கையே இல்லை. உலகநாதன் உள்ளங்கையில் ஒரு பிடி கம்பைத் தேய்த்து ஊதிப் பார்த்துவிட்டு, மகனுக்கு எழுத ஓர் அறை ஒதுக்க உத்தரவிட்டார். பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். புதுச்சேரியிலிருந்து மேஜை வந்தது, நாற்காலி வந்தது. அவன் எழுதும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டார். அம்மா மாட்டின் கழுத்து மணிக்குள் துணியை அடைத்தாள். உரல் கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. அண்ணி, குழந்தை அழுவதற்கு வாயைத் திறந்ததுமே அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடினாள்.

சிங்காரவேலு நாற்காலியில் உட்கார்ந்தான். வெளியே மழை பெய்தது. மரகதவல்லி ஒரு காலைத் தூக்கியபடி நனைந்துகொண்டிருந்தாள்.

ஐப்பசி போயிற்று. தூக்கிய கால் இறங்கவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் மேஜையைத் தட்டி, "ஓஒய்ய்... சூ..." என்று கத்திப் பார்த்தான். வீடே ஓடிவந்து கதவில் முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாபா? பாம்பா?" என்றார் உலகநாதன்.

"ஒண்ணுமில்ல, நைனா."

எல்லோரும் போன பிறகு அண்ணி மட்டும் நின்றாள்.

"தம்பி, ஒனக்குக் கிளி வோணும்."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் தடவையாக ஒருவருக்கு இலக்கியம் புரிந்திருந்தது.

அண்ணி சும்மா இருக்கவில்லை. மறுநாளிலிருந்து அடுப்பில் உலை கொதிக்கும் போதெல்லாம் வந்து, கதவருகே தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிவிட்டுப் போனாள். அவன் உடனே கத்தினான். கத்திய பிறகு குனிந்தான். ஒன்றும் வரவில்லை.

"சரியான நேரத்துல தட்ட மாட்டேங்கறீங்க, அண்ணி."

"சரியான நேரம்னா எது?"

"அது கிளிக்குத்தான் தெரியும்."

"அப்ப நீ சைகோனுக்கே போ" என்று தாம்பாளத்தோடு அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

மார்கழி பிறந்தது. தையில் வரும் கப்பலைப் பற்றி மாமனிடமிருந்து தகவலும் வந்தது. அம்மா கப்பல் வழிக்கு எள்ளடை சுட மாவு இடித்தாள், அதுவும் சத்தமில்லாமல். அப்போது ஒருநாள் தங்கவேல் வந்து வாசலில் நின்றார். ஏரியோரம் அவருடைய நெல் பால் பிடித்திருந்தது. குருவி அள்ளிக்கொண்டு போகிறது.

"மச்சான், ஒம் பையன அனுப்பு. அவன் கொரலுக்கு அடுத்த ஊரு குருவிகூட எறங்காது."

"அவன் கப்பலு ஏறணும்பா" என்றார் உலகநாதன்.

"கப்பலு எங்க போயிடும்? குருவி நிக்குமா?"

இந்தக் கேள்வியில் இருந்த நியாயம் உலகநாதனுக்கு உடனே பட்டது. சிங்காரவேலு அதற்குள் பாதி வழி போயிருந்தான்.

தங்கவேலின் பரண் கொஞ்சம் ஆடியது. பென்சிலை எடுத்தான். குருவிகள் மேகம்போல் இறங்கின. "நில்! குதிக்காதே!" என்று கத்தினான். குருவிகள் எழும்பின. மரகதவல்லி, பாவம், காலைக் கீழே வைத்தாள். திரும்பி நடந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றாள். சோகமாக முடிக்கத்தான் அவன் நினைத்திருந்தான். ஆனால் முதலில் குதிக்கச் சொல்லிக் கத்தியபோது குருவிகள் அசையவே இல்லை.

கீழே 'முற்றும்' என்று எழுதி, கோடு போட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். பின்கட்டு அறையில் மேஜையைக் காணவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரின் உச்சி வரைக்கும் கம்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. உலகநாதன் கடைசி மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டேன், நைனா."

"எத்த?"

"நாவல. தைக்குள்ள முடிச்சா சைகோன் வேணாம்னு சொன்னியே."

"ஓ, அதுவா." கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார். "நீ வர மாட்டன்னு ஒங்க மாமனுக்குத் தங்கவேலு வந்த அன்னிக்கே சொல்லி அனுப்பிட்டேனே. ஊரே ஒன்னக் கேக்குது. இப்ப செல்லிப்பட்டு சம்மந்தி வூட்ல சோளம் கதிரு வுட்டிருக்குதாம். பொங்கல் கழிச்சி வண்டி கட்டறேன். போய் இருந்துட்டு வா."

சிங்காரவேலு காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஒரு கணம் அவமானப்படலாம் என்றுதான் நினைத்தான். பிறகு, செல்லிப்பட்டில் கிளி அதிகமா, குருவி அதிகமா என்று கேட்டான்.