தாம்பூலப் பையோடு ஆறு சுற்று

"சாயங்காலத்துக்குள்ள வராண்டாவுல ஆறு சுத்து நடக்கணும். இல்லைன்னா கால்ல ரத்தம் கட்டும். அது நுரையீரலுக்கு ஏறிடுச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

மைசூர் மருத்துவமனையில் டாக்டர் இப்படிச் சொல்லிவிட்டுப் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. ரத்தினவேல் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பிராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். வலி தாங்கும்படியாகத்தான் இருந்தது. தாங்க முடியாதது குழாயின் நுனியில் தொங்கிய மூத்திரப் பை. சொந்த ஊரான ஹனூரில் எல்லோரிடமும் அவர் சொல்லிவிட்டு வந்தது குடலிறக்கம் என்று.

"ஏளி அங்கிள், நடீரி," என்று நர்ஸ் வைஷாலி மூன்று தடவை வந்து, எழுந்து நடக்கச் சொல்லிக் கன்னடத்தில் கிளப்பிப் பார்த்தாள்.

கடைசியில் மனைவி பஞ்சவர்ணம், மாற்றுத்துணி வைத்திருந்த தாம்பூலப் பையைக் காலி செய்தாள். மகள் கல்யாணத்தில் மிஞ்சியது. 'வினிதா – கவின்ராஜ்' என்று சிவப்பு எழுத்து. மூத்திரப் பை அதற்குள் கச்சிதமாக இறங்கியது.

"ஏனுங்க, இப்பப் பாத்தா தேங்காய் மாதிரிதான் இருக்குது. எந்திரிங்க."

ரத்தினவேல் நடந்தார். முதல் சுற்றில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் லிஃப்ட் திறந்தது. கொள்ளேகாலத்துச் சம்பந்தி நஞ்சுண்டசாமி இறங்கினார். கவின்ராஜின் அப்பா.

சம்பந்தி பை சுமக்க, தான் கை வீசிக்கொண்டு வருவதா? நஞ்சுண்டசாமி நேராக வந்து பையின் காதைப் பிடித்தார்.

"குடுங்க சம்பந்தி."

"இருக்கட்டுங்க."

"குடலிறக்கத்துக்கு வெயிட் தூக்கலாமுங்களா? குடுங்கன்னா." இழுத்தார்.

ரத்தினவேலின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. "மெதுவாங்க. அது என்னோட சேந்துதான் வரும்."

நஞ்சுண்டசாமி பைக்குள் எட்டிப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். குழாய் வேட்டிக்குள் போவதையும் பார்த்தார்.

"பிராஸ்டேட்டுங்க," என்றார் ரத்தினவேல், சுவரைப் பார்த்து.

சம்பந்தி கையிலிருந்து வாங்கிய பையை அவரிடமே திருப்பிக் கொடுப்பது, வாங்காமல் விடுவதைவிடப் பெரிய அவமரியாதை. நஞ்சுண்டசாமி கொடுக்கவில்லை. குழாயின் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டு கூடவே நடந்தார். மரியாதை கருதிப் பையை நெஞ்சுக்கு நேரே ஏந்தியிருந்தார்.

"கெளகே அங்கிள், கெளகே. இடுப்புக்குக் கீழ பிடிங்க," என்றாள் எதிரே வந்த வைஷாலி.

இறக்கிப் பிடித்தார். மூன்று, நான்கு, ஐந்து. மழையைப் பற்றிப் பேசினார்கள். மக்காச்சோளத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆறாவது சுற்று முடிந்து, கட்டில் இருந்த அறை வாசலில் ரத்தினவேல் நின்றார். நஞ்சுண்டசாமி பையை விடவில்லை.

"ஆபரேஷனுக்கு முன்னால, ராத்திரிக்கு எத்தன தடவ எந்திரிப்பீங்க?" குரல் தணிந்திருந்தது.

"அஞ்சுங்க."

"எனக்கு ஏழு. ரெண்டு வருசமா. வூட்ல சக்கரைன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க."

ரத்தினவேல் கட்டிலை ஒருமுறை பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"வாங்க, ஏழாவது சுத்து போலாம். டாக்டர் ரூமு அந்தக் கோடியிலதான் இருக்குது."