ஆண்டெனா உள்ளேயா, வெளியேயா

பழைய ஜிபிஎஸ் பெட்டி செத்துப்போன மறுநாள் நானும் மச்சினனும் புதுசு வாங்கப் போனோம். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. படகு எங்கள் இருவருக்கும் பொது. நான் முடிவெடுப்பேன், அவன் சுக்கான் பிடிப்பான். பதினோரு வருஷமாக அப்படித்தான் ஓடியது.

படகுத்துறையில் வலைக்கடையை ஒட்டி இருந்தது அந்தக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். சுவர் முழுக்க ஒயர். கடைக்காரர் மேசைமேல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் ஆண்டெனா பெட்டிக்குள்ளேயே இருந்தது. இன்னொன்றில் தனியாக, வெள்ளைக் காளான் மாதிரி. அதைக் கேபின் கூரைமேல் நட்டு, ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே இறக்க வேண்டும்.

“கூரை தகரமா, பைபரா?” என்று கேட்டார்.

“பைபர்.”

“அப்போ உள்ளே இருக்கிறதே போதும். பைபரைத் தாண்டி சிக்னல் வந்துடும். ஆனா பின்னால கூரை மேல இரும்பு, அலுமினியம்னு எதையாவது போட்டு மூடினீங்கன்னா பெட்டி குருடாயிடும். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது.”

மச்சினன் காளானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதையே வாங்கிடலாம் மாமா. அது பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.”

எனக்கு அதில் சூடுபட்ட அனுபவம் இருந்தது. செத்துப்போன பெட்டிக்கும் வெளி ஆண்டெனாதான். பக்கத்துப் படகின் கயிறு மாட்டி இரண்டு தடவை பிய்த்துக்கொண்டு போனது. இணைப்பில் உப்புத்தண்ணீர் ஏறிப் பச்சையாகப் பூத்தது. ஓட்டை வழியாக மழை ஒழுகி ஒரு பேட்டரி வீணானது.

“தலையில ஓட்டை போடுற வேலையே வேண்டாம் மாப்ள,” என்றேன்.

“யார் தலையில?”

“படகோட தலையில. உன் தலையில ஆண்டவனே போட்டு அனுப்பிட்டான்.”

கடைக்காரர் சிரித்தார். மச்சினனும் சிரித்துவிட்டு காளானைக் கீழே வைத்தான். “நீங்க சொன்ன பிறகு அப்பீல் ஏது?”

அன்றைக்கு எடுத்த முடிவு தப்பு என்று இன்றுகூடச் சொல்லமாட்டேன். ஏழு மாதம் அந்தப் பெட்டி கடிகாரம் மாதிரி வேலை செய்தது.

பிறகுதான் நான் இரண்டு சோலார் பேனல் வாங்கி, கேபின் கூரைமேல் மாட்டினேன். அதற்கு நேர் கீழே பெட்டி. கடைசித் திருகை முறுக்கும்போது கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. பேனல்தானே, தகரமில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அடுத்த முறை கடலுக்குப் போனதிலிருந்து பெட்டி அவ்வப்போது மக்கர் செய்தது. திரையில் படகுக் குறி அப்படியே நிற்கும். படகு போய்க்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் கழித்துக் குறி சட்டென்று தாவி வந்து சேரும்.

“பெட்டி கண்ணை மூடிக்குது மாமா. பேனலைக் கொஞ்சம் பின்னால தள்ளலாமா?”

இரண்டு மணி நேர வேலை. “இந்தத் தடவை போயிட்டு வந்து பார்த்துக்கலாம்,” என்றேன். மூன்று தடவை அப்படிச் சொன்னேன்.

நாலாவது தடவை நான் போகவில்லை. வலை இழுக்கும் வின்ச் கயிற்றில் கை மாட்டி இரண்டு விரலில் தையல். மச்சினன் இரண்டு தொழிலாளிகளோடு போனான். திரும்பி வருகிற அன்று விடிந்ததிலிருந்து மழை. படகுத்துறையில் நின்றால் எதிர்த் தடுப்புச் சுவர்கூடத் தெரியவில்லை. கையில் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு படகாக வந்தது. எங்கள் படகு வரவில்லை. கடைசியில் வேறொரு படகு எங்கள் ஆட்கள் இரண்டு பேரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கியது. இரண்டு பேர்தான்.

மூத்த தொழிலாளி என் காலடியில் உட்கார்ந்து சொன்னார். முகத்துவாரம் நெருங்கும் நேரம் குறி நின்றுவிட்டது. மச்சினன் வேகத்தைக் குறைத்து, சுக்கானை இவர் கையில் கொடுத்தான். தாங்கியிலிருந்து பெட்டியைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். மின்சார ஒயர் குட்டை. அதனால் இடுப்புவரை வெளியே சாய்ந்து, பெட்டியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு இருந்தான்.

“சாட்டிலைட்டை எண்ணிக்கிட்டே இருந்தாருங்க. நாலு வந்தா இடம் தெரிஞ்சிடும்னாரு. ஒண்ணு வந்துடுச்சு, ரெண்டு வந்துடுச்சுன்னு கத்தினாரு. மூணுன்னாரு. அப்போதான் பாறை.”

படகு ஜன்னல் பக்கமாகவே சாய்ந்தது. மச்சினன் இரண்டாம் நாள் உடலாகத்தான் கிடைத்தான். படகைக் கட்டி இழுத்து வந்தபோது பெட்டி அந்தக் குட்டை ஒயரிலேயே ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கடைக்காரர் பெட்டியைத் துடைத்து, தன் கடை வாசலில் வைத்து ஓட்டிக் காட்டினார். ஒரு நிமிஷத்தில் இடம் காட்டியது. “பெட்டியில கோளாறு இல்லைங்க,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கேபின் கூரை மேல ஏதாவது இருந்ததா?” என்று அதிகாரி கேட்டார்.

பேனல்கள் பாறையில் மோதியபோதே கடலில் போய்விட்டன. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

“ரெண்டு சோலார் பேனல். நான்தான் மாட்டினேன்,” என்றேன்.

எழுதிக்கொண்டார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் மோசமான வானிலை என்றுதான் வந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படகிலிருந்து வந்த தம்பியின் சட்டைகளை அவள் கொல்லையில் அலசிக்கொண்டிருந்தாள். காளானை வேண்டாம் என்றது, பேனல், மூன்று தடவை தள்ளிப்போட்டது, ஒன்றையும் விடவில்லை. அவள் நிமிரவில்லை.

“தெரியும்,” என்றாள். “போறதுக்கு முந்தின நாள் எங்கிட்ட வந்து சொன்னான். அக்கா, நீ சொன்னா மாமா கேப்பாரு, பேனலை நகர்த்தச் சொல்லுன்னான். கை வலியில கிடக்குற மனுஷன்கிட்ட இதையும் போய்ச் சொல்லணுமான்னு விட்டுட்டேங்க.”

“அதுக்கு நீ என்ன பண்ணுவே? உன் மேல தப்பில்ல,” என்றேன்.

அவள் சட்டையைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். எனக்கு அப்படி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறேன். வீட்டில் அவன் பேச்சு வந்தால், எங்கள் இருவரில் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவோம்.