காட்டு வாத்தும் ஏழு ரோல் வெல்வெட்டும்

திரைச்சீலைக் கடைக்காரருக்கு அந்த வீதியில் ‘அரைமீட்டர்’ என்று பெயர். சன்னலுக்கு இரண்டு மீட்டர் போதும் என்று வருகிறவரிடம், “மடிப்புக்கு ஒரு அரை மீட்டர் சேர்த்துக்குங்க” என்று சொல்லாமல் அவர் கத்தரியைத் தொட்டதே இல்லை. பெயர் வைத்தவர்கள்மேல் அவருக்குக் கோபமும் இல்லை. காசு செலவழிக்காமல் கிடைத்த விளம்பரம்.

கடையில் அவருக்குத் துணை மனைவியின் தம்பி. மச்சான் கல்லூரி நாட்களில் ஆங்கில நாடகங்களுக்குத் திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன். கைதட்டல் முழுக்க முன்னால் நின்றவர்களுக்குப் போய்விட, இவன் கையில் மிஞ்சியவை இருபது முப்பது சொற்றொடர்கள். அவற்றை இருவருமாகச் சேர்ந்து கடைக்குக் குழூஉக்குறி ஆக்கிவிட்டார்கள். வந்தவர் எதிரிலேயே வந்தவரைப் பற்றிப் பேச இதைவிட வசதி ஏது?

‘வைல்ட் கூஸ்’, அதாவது காட்டு வாத்து, என்றால் நாற்பது துணியைப் பிரித்துக் காட்டினாலும் வாங்காமல் நழுவுகிற ஆள். ‘பிக்கிள்’ என்றால் ஊறுகாய் ஜாடிக்குள் விழுந்தவர்போல் அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர், விலையை இறக்காதே. ‘பிரேக் தி ஐஸ்’ என்றால் ஆள் விறைப்பாக இருக்கிறார், குடிக்க ஏதாவது கொடு. ‘பவுண்ட் ஆஃப் ஃப்ளெஷ்’ என்றால் சதையை அறுத்து எடுப்பதுபோல் கடைசிவரை கறந்துவிடு. ‘ஃபோர்கான் கன்க்ளூஷன்’ என்றால் கடைக்காரரின் மனைவி வருகிறாள்; எதிர்த்துப் பேசிப் பயனில்லை.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும் கடையின் பின்னறையில் ஏழு ரோல் சிவப்பு வெல்வெட் இரண்டு வருடமாகப் படுத்துத் தூங்கியது. ஆர்டர் கொடுத்த சினிமா தியேட்டர்காரர் கட்டடத்தையே விற்றுவிட்டுக் கம்பி நீட்டியிருந்தார். அந்த அறைமேல் மனைவிக்கு வெகுநாளாகக் கண். தையல் கூடம் வைக்க இரண்டு மெஷின் சொல்லியிருந்தாள்.

“சனிக்கிழமை காலையில மெஷின் வருது. அதுக்குள்ள ரூம் காலியாகலைன்னா, வெல்வெட்டை வெட்டித் தலையணை உறை தைச்சு உங்க கடை வாசல்லயே குவிச்சு வச்சுக் கூவி விப்பேன்.”

சொன்னால் செய்கிறவள். வீதி முழுக்கப் பார்த்துச் சிரிக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை அரைமீட்டருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஓர் அம்மாள் படியேறி வந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி.

“சிவப்பு வெல்வெட் இருக்கா? சும்மா பாக்கலாம்னு வந்தேன்.”

மச்சான் ஒரு ரோலைத் தூக்கி வந்து விரித்துவிட்டு உதட்டைச் சுழித்தான். “அத்தான், வைல்ட் கூஸ்.”

அரைமீட்டர் அந்த அம்மாளின் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் பேனாவால் எழுதிய நீள அகலம். சும்மா பார்க்க வருகிறவர் உள்ளங்கையில் கணக்கு எழுதிக்கொண்டு வருவாரா? “இல்ல மச்சான். சுத்தமான பிக்கிள். பவுண்ட் ஆஃப் ஃப்ளெஷ் போட்டுடலாம்.”

அந்த அம்மாள் துணியைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

“தம்பி, காட்டு வாத்துன்னீங்களே, நாடகத்துல அது வாத்து பிடிக்கிற கதை இல்ல. குதிரைப் பந்தயம். முன்னால போற குதிரை எங்க திரும்பினாலும் பின்னாலயே போகணும். பிக்கிள்னு சொன்னது ஒரு குடிகாரனை. நான் காலையில இருந்து ஒரு டீதான் குடிச்சிருக்கேன்.”

மச்சானின் முகத்தில் அசடு வழிந்தது. “மேடம், நீங்க…”

“இருபத்தாறு வருஷமா அந்த நாடகங்களைத்தான் மேடையேத்திட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் ஒண்ணு இருக்கு. நேத்து மேடைத் திரை ரெண்டாக் கிழிஞ்சுபோச்சு.”

“மச்சான், பிரேக் தி ஐஸ்!” என்று அலறினார் அரைமீட்டர்.

“அதுவும் புரிஞ்சுது. சோடாவா இருந்தா எலுமிச்சை பிழிஞ்சு கொண்டு வாங்க” என்றார் அந்த அம்மாள். “சரி, ஐயா. நாடகத்துல கடனுக்குச் சதை கேட்ட அந்த ஆளு கடைசியில வெறுங்கையோட வீட்டுக்குப் போனாரு. அதை மனசுல வச்சுக்கிட்டு விலையைச் சொல்லுங்க. எனக்கு அஞ்சு ரோல் வேணும்.”

ஐந்து போனால் இரண்டு மிஞ்சும். இரண்டு ரோலில் எத்தனை தலையணை உறை தைக்கலாம் என்று நினைத்தபோதே அரைமீட்டருக்கு வியர்த்தது.

“ஏழு ரோலா எடுத்துக்குங்கம்மா. மடிப்புக்கு வேணுமில்ல?”

“மடிப்புக்கு ரெண்டு ரோலா? உங்க பேரு அரைமீட்டர்னுதானே பக்கத்துக் கடையில சொன்னாங்க!”

“ஆறு ரோல் விலை குடுங்க, போதும். நாளைக்குக் காலையில ரூமை எப்படியும் காலி பண்ணியாகணும்…” வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்தும் பயனில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார். “ஓ! ஜாடிக்குள்ள நான் மட்டும் இல்லையா? அப்ப அஞ்சு ரோல் விலைக்கு ஏழு.”

முப்பது வருட வியாபாரத்தில் அரைமீட்டர் இப்படி மூக்குடைபட்டதில்லை. ஆனாலும் தோற்ற மாதிரி இல்லை. நெஞ்சில் கிடந்த ஏழு ரோலும் ஒரே மூச்சில் இறங்கியதுபோல் இருந்தது. விட்டுக்கொடுப்பவர்போல் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, “நீங்க சொன்னா சரி” என்றார்.

“வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள யார் தைச்சுத் தருவாங்க?”

சோடாவோடு வந்த மச்சான் தெருவைப் பார்த்துப் பதறினான். “அத்தான், ஃபோர்கான் கன்க்ளூஷன்!”

அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தார். உள்ளே வந்த மனைவி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னைப் பாத்ததும் அதையே சொல்லுவாங்க. அப்படின்னா என்னம்மா?”

“முன்னாடியே முடிவான தீர்ப்புன்னு அர்த்தம்.”

அரைமீட்டர் அளவுகோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மனைவி தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பொய் சொல்லலையே” என்றாள். திரை விவரத்தைக் கேட்டுக்கொண்டாள். “மெஷின் நாளைக்குக் காலையில வந்துடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் திரை உங்க மேடையில தொங்கும். கூலி நான் சொல்றதுதான்.”

“கொஞ்சம் குறைச்சு…” என்று இழுத்தார் அந்த அம்மாள்.

“தீர்ப்பு முன்னாடியே முடிவாயிடுச்சும்மா.”

சனிக்கிழமை காலையில் அறை காலியானது. மெஷின்கள் இறங்கின. பத்து மணிக்கெல்லாம் அதே வெல்வெட் அதே அறைக்குள் மறுபடி நுழைந்தது, இந்தத் தடவை தையலுக்கு. மனைவியும் அவள் தோழியும் மிதித்த மிதியில் இரண்டு மெஷினும் தடதடத்தன. கல்லாவில் சாய்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அரைமீட்டர் இரண்டாவது முறையாகச் சோறு கேட்டார்.

மச்சான் குனிந்து காதருகே சொன்னான். “குட்டு உடைஞ்சுபோச்சு அத்தான். வேற பாஷை தேடணும்.”

மெஷின் சத்தம் ஒரு நொடி நின்றது.

“தேடு, தேடு” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. “ரெண்டு நாள்ல கத்துக்கிறேன்.”