நிற்கும் காரணம்

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் நாசரேத்துக்காரி, ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தால் விடிந்துதான் முழிப்பேன். இந்தக் கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக டி.சி. எழுதுகிறேன். 'கிருபாபாய் மேடம் வள்ளென்று விழுவாங்க' என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதும் தெரியும். பேசட்டுமே!

ஆனால் ஒரு மாசமாக, பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, என் ஜன்னல் திட்டில் நாலு விரல்கள் வந்து இருக்கின்றன.

என் ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி. கீழே தாள் நீட்டுகிற அளவுக்குத்தான் திறப்பு. அதனால் வருகிறவர்களின் கை மட்டும்தான் எனக்குத் தெரியும். இந்தக் கையின் ஆள்காட்டி விரலில் நீல மை. எழுந்து போய்ப் பார்த்தால் ஆளில்லை. அட்டெண்டர் அருமைநாயகத்தையும் அனுப்பிப் பார்த்தேன்.

"ஈ காக்கா இல்ல மேடம். வெயிலுக்கு உங்களுக்குக் கண்ணக் கட்டுது," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரல்களை எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஜூலையில் இதே மையோடு வந்த ஜெயபிரியாவின் விரல்கள் அவை. உடன்குடிப் பிள்ளை, இயற்பியல் இரண்டாம் வருஷம். படிப்பை விடுகிற விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. 'படிப்பிலிருந்து நிற்கும் காரணம்' என்ற கட்டம் மட்டும் காலி.

"ஏளா, இதை ஏன் விட்டுருக்க?"

"நான் நிக்கலையேக்கா. அப்பா நிறுத்துதாவ. கல்யாணம் பேசியாச்சு. நீங்களே அதை எழுதுதியளா?"

எல்லாரும் மேடம் என்பார்கள். அவள் அக்கா என்றாள்.

கல்யாணம் என்று எழுதினால் அந்தத் தாள் நேராகப் போகாது, எங்கள் முதல்வர் மேஜைக்குப் போகும். அந்த அம்மா அப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வேர்த்து விறுவிறுக்க வாங்கு வாங்கென்று வாங்குவார். நாலைந்து பிள்ளைகள் அப்படித் தப்பிப் பட்டமும் வாங்கிவிட்டார்கள். ஜெயபிரியாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. அவள் எழுதினால் வெளியே பைக்கில் காத்திருக்கும் அப்பா தோலை உரித்துவிடுவார். நான் எழுதினால் ஆபீஸ் எழுதியது. அதற்காகத்தான் அந்த ஒரு கட்டத்தை என்னிடம் விட்டாள்.

எனக்கோ சாப்பாட்டு நேரம். டிபனில் சாளை மீன் குழம்பு. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது என் விஷயத்தில் சத்தியம்.

"நிக்கதும் நிறுத்துததும் ஒண்ணுதான், போளா," என்று 'சொந்த விருப்பம்' எழுதி முத்திரையைக் குத்தினேன். விரல்கள் திட்டை விட்டு நகரவில்லை. "இன்னும் என்னத்துக்கு நிக்க? போ!" என்று திறப்பின் பலகையைப் படாரென்று இறக்கினேன். விரல் நசுங்கியிருக்கும். ஒரு சத்தமும் வரவில்லை.

இப்போது கை மட்டும் வருகிறதே, செத்துப்போய்விட்டாளோ? அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று பழைய கோப்பில் அவள் நம்பரைத் தேடி எடுத்து அழைத்தேன்.

"யாரு?"

"காலேஜ்ல இருந்து கிருபாபாய் பேசுதேன். நல்லா இருக்கியா?"

"இருக்கேங்க்கா." பின்னால் கரண்டிச் சத்தம்.

ஆண்டவரே, உயிரோடு இருக்கிறாள்! அப்பாடா என்று நிமிர்ந்தேன். திட்டில் நாலு விரல்கள்.

"ஏளா, இப்ப நீ எங்கன இருக்க?"

"நம்ம காலேஜ் பக்கத்துப் புதுக்கோட்டைலதான், மாமியார் வீட்டு அடுப்படில. காலேஜ் பஸ் இந்த வாசல் வழியாத்தான் போகும்."

சொல்லக்கூடாது என்று நினைத்தும் வாய் கேட்கவில்லை. "உன் கை இங்கன இருக்குளா. தெனமும் வருது."

பைத்தியம் என்று திட்டுவாள் என்று பார்த்தேன். கரண்டிச் சத்தம் நின்றது.

"பன்னெண்டே முக்காலுக்கா?"

"ஆமா."

"அப்பந்தான் உலை வைப்பேன். அந்த ஜன்னல்ல இன்னும் ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாமேன்னு தெனமும் நெனப்பேன்."

அழுதுவிட்டேன். "பாவி நாந்தான்ளா. முதல்வர்ட்ட ஒத்துக்கிடுதேன். திரும்பச் சேரலாம், வந்துரு."

"வயித்துல ஏழு மாசம்க்கா. இனி எங்கன வர?"

"அப்ப இங்கன நிக்கவளை என்ன செய்ய?"

"நிக்கட்டும்க்கா. அவளையாவது போகச் சொல்லிராதீங்க."

போன் அணைந்தது. மணி ஒன்று. அருமைநாயகம் வழக்கம்போல் பலகையை இறக்க வந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றேன். "புள்ளைக்குக் கை நசுங்கிரும்."