வீட்டு அடுப்புக் கரி

இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு வெள்ளீயச் சுரங்கத்தில் பாறை சரிந்து, லவ்டேயின் கணவன் ஜாகோ அடித்தளத்தில் புதைந்து ஆறு நாளாகியிருந்தது. அவன் உயிரோடு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். உடலையாவது எடுத்து அடக்கம் செய்ய வேண்டும் என்று அவள் தவித்தாள். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை நீராவி இயந்திரம் இறைக்கும்வரைதான் கீழே ஐந்து பேர் தோண்ட முடியும். இனி அதற்குக் கரி வாங்கமாட்டோம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டதால், ஊர்ப் பெண்கள் வீட்டுக் கரியைக் கூடை கூடையாகச் சுமந்து வந்தார்கள்.

“உங்க அண்ணி அடுப்பையும் காலி பண்ணிட்டியே. இனி எனக்குப் பச்சை மீன்தான்,” என்றான் இயந்திரத்தை ஓட்டும் லவ்டேயின் அண்ணன் டிகரி, அவளிடம்.

ஏழாம் நாள் கரி குறைந்து, இயந்திர அடுப்பில் நெருப்பு தணிந்தது. கீழே தோண்டிக்கொண்டிருந்த ஐவரில் ஒருவன் ஏறி வந்தான்.

“தண்ணி இடுப்புக்கு வந்துருச்சும்மா. மத்த நாலு பேரும் வரமாட்டேங்கிறாங்க. ஜாகோவ விட்டுட்டு வந்தா உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதாம்.”

லவ்டே கடைசிக் கூடையை அடுப்பில் கொட்டினாள்.

“இது எரிஞ்சு முடியறதுக்குள்ள ஏறி வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. அவங்க வீட்லயும் பொம்பளைங்க காத்துக் கெடக்கறாங்க.”

நால்வரும் ஏணியேறி வந்து, அவளைப் பார்க்காமல் தலைகுனிந்து நின்றார்கள். இயந்திரத்தை நிறுத்த டிகரிக்குக் கை வரவில்லை. நீராவிக் குழாயை அவளே திருகி மூடினாள்.