நண்பகலில் திறந்த சாலை

ஜூன் கடைசி ஞாயிறு எங்கள் கணவாய்ச் சாலையில் மாலை ஆறு மணி வரை சைக்கிள் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. ஊராட்சி நடத்தும் நாள் அது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் சாலை அன்று அமைதியாகிவிடும். செயின் சத்தம் கேட்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது கேட்கும். யாரோ யாரையோ திட்டுவதும் கேட்கும்.

என்னைக் கீழ்முனைத் தடுப்பில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, வருகிற வண்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதிகம் பேச வேண்டியிருக்காது என்றுதான் ஒத்துக்கொண்டேன். பேசுவதற்கு ஜோஸியான் இருந்தார். ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பெண்மணி. மூன்று பேர் பேச வேண்டியதை ஒருவராகப் பேசக்கூடியவர்.

பதினொன்றரை மணிக்குத் திராட்சைத் தோட்டக்காரர் ஆன்செல்ம் வந்தார். காரில் அல்ல, தன் உயரமான டிராக்டரில். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் அதைத்தான் வைத்திருப்பார்கள். கொடி வரிசையைக் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு, நின்ற வாக்கில் நடப்பது போல ஊர்ந்து போகும் வண்டி. மருந்துத் தொட்டி நிரம்பியிருந்தது. தடுப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு மேலேயிருந்தே பேசினார்.

"தடுப்ப நகத்துங்க. மேல போகணும்."

"என்னய்யா, சாலைய மூடறதுன்னு முடிவு பண்ண கூட்டத்துல நீயும்தானே இருந்தே?" என்றார் ஜோஸியான். "ஆறு மணிக்கு வா. காப்பி போட்டு வைக்கிறேன்."

"ஆறு மணிக்கு மழை பெஞ்சு ஓஞ்சிருக்கும், ஜோஸியான். காலையில வானிலை மாத்திச் சொல்லிட்டான். புயல் செவ்வாய்க்கிழமை இல்ல, இன்னிக்கு அஞ்சு மணிக்கு."

பிறகு என்னைப் பார்த்தார். "இதோ நிக்கிறாளே மைக்ரோஸ்கோப்பம்மா. அவளைக் கேளு."

நான் கூட்டுறவு ஒயின் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை அவர் ஓர் இலையைக் கொண்டுவந்தார். அதில் எண்ணெய் சொட்டியது போல ஒரு மஞ்சள் புள்ளி. அடிப்பக்கத்தில் வெள்ளைத் துகள். அடிச்சாம்பல் நோய் என்று நான்தான் சொன்னேன். கொடியில் காய்கள் அப்போது மிளகு அளவு. நோய்க்கு மிகவும் பிடித்த பருவம். ஒரு நல்ல மழை பெய்தால் நோய் இலையிலிருந்து குலைக்குத் தாவிவிடும். ஆன்செல்ம் மற்ற ரசாயனங்களை விட்டுவிட்டவர். அவருக்கு இருப்பது தாமிரக் கலவை ஒன்றுதான். அது மழைக்கு முன்பே இலையில் காய்ந்து ஒட்டியிருக்க வேண்டும். மழைக்குப் பிறகு அடிப்பது வீண்.

"அவர் சொல்றது சரிதான்," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"போன வருஷம் பாதிக்கு மேல போச்சு," என்றார் ஆன்செல்ம். இப்போது கத்தவில்லை. "இந்த வருஷமும் போனா மேல்தோட்டத்தப் பிடுங்கிடுவேன். என் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன். எனக்கு இனிமே தெம்பு இல்ல."

அதற்குள் எங்களைக் கடந்து சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. குழந்தையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தகப்பன், ஒரே சைக்கிளை இருவர் மிதிக்கும் தம்பதி, வேர்த்து வழியும் தபால்காரர். இவர்களுக்கு நடுவே அந்த வண்டியை அனுப்ப முடியாது. ஆன்செல்முக்கும் அது தெரியும். வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேயருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பன்னெண்டு ஆகப் போற நேரத்துல மேயருக்குப் போன் பண்றவ உலகத்துலயே நீ ஒருத்திதான்," என்றார் ஜோஸியான். அவர் ஏற்கெனவே மடக்கு மேசையை விரித்து, கோழிக்கறி, ஆட்டுப்பால் சீஸ், ஊறுகாய் வெள்ளரி எல்லாம் வைத்துவிட்டார். "வாய்யா ஆன்செல்ம், நீயும் இறங்கு. கோவத்த வெறும் வயித்துல வச்சுக்காதே."

கீழே மாதாகோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அப்போதுதான் கவனித்தேன். சாலையில் ஆள் வரத்துக் குறைந்தது, பிறகு நின்றேபோனது. கீழே ஊர்ச் சதுக்கத்தில் மரங்களுக்கு அடியில் நீள மேசைகள். அங்கிருந்து தட்டுச் சத்தம் வந்தது. மேலே கணவாயிலும் அப்படித்தான் இருக்கும். மத்தியானம் எங்கள் ஊரில் யாரும் சைக்கிள் மிதிக்க மாட்டார்கள். எதையுமே செய்ய மாட்டார்கள். நாள் முழுக்கச் சாலையை மூடி வைத்த நாங்கள், சாப்பாட்டு வேளையில் அது சும்மா கிடக்கும் என்று யோசிக்கவே இல்லை.

"இப்ப போகலாம்," என்றேன்.

மேசையில் மென்றுகொண்டிருந்த இருவரும் நிறுத்தினார்கள்.

"சாப்பாடு முடியறதுக்குள்ள மேல போயிடலாம். நான் சைக்கிள்ல முன்னாடி போறேன். நீங்க பின்னாடி, ரொம்பத் தள்ளி, நடக்கிற வேகத்துல வாங்க. நான் கையைத் தூக்கினா நிறுத்திடணும்."

"யார் உத்தரவு?" என்றார் ஜோஸியான்.

"யாரும் இல்ல. நானே."

அவர் ரேடியோவை எடுத்து, கணவாய்த் தடுப்பில் நின்ற லூசியானைக் கூப்பிட்டார். "டேய், மேல யாராச்சும் இறங்கறாங்களா?"

வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பதில் வந்தது. "ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாரும் மேசையில."

தடுப்பை நகர்த்தினோம்.

ஏற்றம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று முதுகுக்குப் பின்னால் அந்த இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போய், எட்டிப் பார்த்து, கையால் வரச் சொன்னேன். வானம் மேற்கே வெளுத்து, பிறகு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. காற்று அசையவில்லை. மருந்து அடிக்க ஏற்ற நேரம்.

மேல்தோட்டத்துக்குப் பிரியும் பாதைக்குச் சற்று முன்னால், சாலை இரண்டு கல்மதில்களுக்கு நடுவே குறுகும். அதற்கும் மேலே ஒரு வளைவு. நான் அந்த வளைவுக்குப் போய்ச் சேரும்போது ஆன்செல்ம் மதில்களுக்கு நடுவே நுழைந்துவிட்டார்.

வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு சீறல் கேட்டது. சக்கரங்கள். ஒன்றிரண்டு அல்ல.

அவர்கள் ஒரே கொத்தாக, தலையைக் குனிந்துகொண்டு, மலையிறக்கத்தின் முழு வேகத்தில் வந்தார்கள். ஆரஞ்சு நிறச் சட்டைகள். நான் சைக்கிளைச் சாலை நடுவே குறுக்கே போட்டுவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. சொல்லாக எதுவும் வந்திருக்காது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

பிரேக்குகள் கிறீச்சிட்டன. ஒருவர் புல்லுக்குள் போனார். ஒருவர் இன்னொருவரின் முதுகில் மோதினார். முன்னால் வந்தவர் என் சைக்கிளுக்கு ஓர் அடி முன்னால் காலை ஊன்றி நின்றார். யாருக்கும் அடி இல்லை.

பின்னால் ஆன்செல்ம் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தார்.

"எங்கேருந்து வந்தீங்க? இந்த நேரத்துல?"

"நெதர்லாந்து," என்றார் முன்னால் நின்ற உயரமான மனிதர், நிறுத்தி நிறுத்தி. "மன்னிக்கணும். சாலை... மூடியிருக்குன்னு சொன்னாங்க."

"அது சரி, சாப்பாடு?"

"ஆச்சு. ஓட்டிக்கிட்டே." சட்டையின் முதுகுப்பைக்குள் கைவிட்டு ஒரு வாழைப்பழத் தோலை எடுத்துக் காட்டினார்.

ஆன்செல்மின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். மோதல் தவறியதைவிட இது அவரை அதிகம் உலுக்கியது. "வாழைப்பழமா!" என்றார் என்னிடம். "ஞாயித்துக்கிழமை! ஐயோ பாவம்."

லூசியான் சாலைக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டிருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. டிராக்டர் மதில்களுக்கு இடையே சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பின்னுக்கு எடுக்கக் கீழ் வளைவு விடாது. முன்னுக்கு எடுக்க இவர்கள் நிற்கிறார்கள், ஒதுங்க ஓரப் புல்லில் இத்தனை பேருக்கு இடமில்லை. இவர்களை மறுபடி ஏறச் சொன்னால், அதற்குள் சாப்பாடு முடிந்து மற்றவர்களும் வந்துவிடுவார்கள்.

அந்தக் குழுவில் நரைத்த சடை போட்ட ஒரு பெண் இருந்தார். அவர் டிராக்டரை மேலும் கீழும் பார்த்தார், குனிந்து பார்த்தார், பிறகு சிரித்தார். கையால் அதன் வயிற்றுக்கு அடியில் சுட்டிக்காட்டி எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

கொடி வரிசை புகுந்து வரும் இடம். ஒரு சைக்கிள் தாராளமாகப் போகும்.

ஆன்செல்ம் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "அடியில ஆளு போறப்ப சாவி வண்டியில இருக்கக் கூடாது, நீ வச்சுக்க. நான் ஆளுங்களைப் பாத்துக்கறேன்." பிறகு சர்க்கஸ் கூடாரத்துக்கு ஆள் சேர்ப்பவர் போலக் கையை நீட்டி, "வாங்க வாங்க, ஒவ்வொருத்தரா. தலை! தலையைக் குனிங்க!" என்றார்.

ஒவ்வொருவராகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முதுகை வளைத்து, அந்த நான்கு சக்கரங்களுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் வந்தார்கள். உயரமான மனிதரின் தலைக்கவசம் இரும்பில் டக் என்று இடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார். கடைசியாக நரைத்த சடைக்காரர் போனார். போகும்போது டிராக்டரின் பக்கவாட்டைக் குதிரையைத் தட்டுவது போலத் தட்டிவிட்டுப் போனார்.

"கீழ ஜோஸியான்னு ஒருத்தி இருக்கா," என்று ஆன்செல்ம் அவர்களுக்குப் பின்னால் கத்தினார். "கோழி மிச்சம் இருக்கும். போய் மனுஷங்க மாதிரி உக்காந்து சாப்பிடுங்க!"

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மேல்தோட்டப் பாதையில் திரும்பி மறையும்வரை நின்றிருந்துவிட்டு, இறக்கத்தில் என் இடத்துக்கு வந்தேன். மேசை காலியாக இருந்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ஜோஸியானைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சீஸ் கூட மிச்சமில்லை.

மழை சொன்னபடி ஐந்து மணிக்குக் கொட்டியது. தடுப்புக் கம்பிகளை நாங்கள் நனைந்துகொண்டே வண்டியில் ஏற்றினோம். மேயர் மறுநாள் காலை ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். அந்தப் படம் எல்லார் கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

"யார் திறந்தது?"

"நான்தான்."

"யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருக்கலாம்," என்றேன். "தப்பு என்னோடது. சாலை காலியா இருக்கும்னு நினைச்சேன். மேல நானே போய்ப் பாத்திருக்கணும்."

அவர் நீளமாக ஏதோ சொல்லத் தயாராகி வந்திருப்பார் போல. ஆனால் அடுத்த வருடம் மத்தியானம் இரண்டு மணி நேரம் தோட்ட வண்டிகளை விடுவது பற்றி எழுதிக் கொடு, மேலும் கீழும் சரியான ஆள் நிறுத்துவது உட்பட, என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நோய் இலைக்குள் இறங்கியிருந்தால் வெளியே தெரியப் பத்து நாளுக்கு மேல் ஆகலாம். அந்த நாட்களில் நான் மேல்தோட்டத்துப் பக்கம் போகவில்லை. அடுத்த சரிவில் மருந்து அடிக்காத ஒருவரின் கொடியில் காய்கள் பழுப்பாகிச் சுருங்குவதாகக் கேள்விப்பட்டேன். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது அந்தத் திசையைப் பார்க்காமல் மிதித்தேன்.

ஜூலை நடுவில் ஒரு காலை ஆன்செல்ம் ஒரு பையோடு வந்தார். இலைகளும், பட்டாணி அளவுக் காய்களோடு மூன்று குலைகளும். மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஒவ்வோர் இலையாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். குலைகளின் காம்பைப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

"வாங்க," என்றேன். "நீங்களே பாருங்க."

அவர் வந்து கண்ணை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"பச்சையாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "வேற ஒண்ணுமே தெரியலியே."

"அதேதான்," என்றேன்.

அவர் கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு இலையை எடுத்து வைக்கும்படி கையை மட்டும் நீட்டினார்.