அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

சம்மதப் பத்திரத்தை பழவங்காடியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, நவம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். முதல் மூன்று நாள் பாதிப் பிள்ளைகள், அடுத்த மூன்று நாள் மீதிப் பேர். பிள்ளையை அனுப்பப் பெற்றோருக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். படிவம் மலையாளத்தில் இருந்ததால் ஏழாவது படிக்கும் என் பெண் ஸ்ரீலட்சுமியே அதை நிரப்பினாள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வேலை.

கையெழுத்துப் போடக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று இரண்டு வரி விட்டிருந்தார்கள். முதல் வரியில் அவள் அம்மா ராஜஸ்ரீ. சரி. இரண்டாவது வரியில் அடுத்த வீட்டு வடிவாம்பாள் மாமி.

"என்னடீ இது? அப்பா பேரை விட்டுட்டே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

அவள் நிமிரக்கூட இல்லை. பென்சில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "காலம்பற பத்து மணிக்கு நீங்க மடியா இருப்பேளே" என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஒன்றும் பெரிய வைதிகன் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உதவி மேலாளர். கேன்டீன் டம்ளரை யார் கழுவினார்கள் என்று கேட்காமல் பதினெட்டு வருஷம் டீ குடித்தவன். ஊரடங்கு வந்தது, கோயிலைச் சாத்தினார்கள், ஆபீஸ் வாரத்தில் மூன்று நாள் என்றானது. எனக்கோ பயம். பேப்பரில் தினமும் தொற்று எண்ணிக்கை ஏற ஏற, வீட்டிலேயே ஒரு கோயிலை ஆரம்பித்துவிட்டேன். ஆபீஸ் இல்லாத நாளெல்லாம் குளித்து, தனியாக உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டு பத்து மணிக்குப் பூஜை. அது முடிகிற வரைக்கும் யாரையும் எதையும் தொடமாட்டேன். மடி. நாங்கள் இருக்கும் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிலும் எல்லாரும் எல்லாரையும் விட்டு ஆறடி தள்ளி நின்ற வருஷம் அது. ஊரே மடியாக இருந்தது.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. பூஜை அறை வாசலில்தான் வைஃபை நன்றாகக் கிடைக்கும் என்று ஸ்ரீ அங்கே மேஜை போட்டுக்கொண்டு சயன்ஸ் வகுப்பில் இருந்தாள். நான் பூத்தட்டோடு கொல்லையிலிருந்து வந்தேன். போனில் திடீரென்று ஒரு ஆம்பிளைக் குரல். வகுப்பு லிங்க்கை யாரோ எங்கேயோ பகிர்ந்திருக்கிறார்கள். யாரோ ஒரு தடியன் ஒரு பையனுடைய பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டான். பெண் குழந்தைகளின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்து, ஏதேதோ அசிங்கமாகச் சொன்னான். ரெம்யா டீச்சர் பதறிக்கொண்டு அவனை வெளியேற்றப் பார்ப்பது கேட்டது. அடுத்த பெயர், ஸ்ரீலட்சுமி.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு "அப்பா!" என்று என்னிடம் ஓடி வந்தாள்.

நான் இரண்டடி பின்னால் போனேன். "மடி, மடி! தொடாதே! அம்மாவைக் கூப்பிடு!" என்றேன்.

சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நானும் "ராஜி, ராஜி" என்று கத்தினேன். அவள் வந்து போனை அணைக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷமும் என் பெண் நட்ட நடுக் கூடத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். நான் பூத்தட்டோடு நின்றேன். பிறகு உள்ளே போய் பூஜையை முடித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். ஆன்லைன் வகுப்பில் பாதுகாப்பு இல்லை, பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போதே இப்படி நடக்கிறது என்றெல்லாம் சூடாகவே எழுதினேன். ராஜி படித்துப் பார்த்துவிட்டு, "பக்கத்துல இருந்தது யாராக்கும்?" என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் சைபர் போலீசுக்குப் புகார் கொடுத்தார்கள். அதன் பிறகு டீச்சர் முகம் பார்த்து, ரோல் நம்பர் கேட்டுத்தான் ஒவ்வொருவரையும் உள்ளே விட்டார். ஸ்ரீயும் பழையபடி சாப்பிட்டாள், சிரித்தாள், என்னோடு கேரம் விளையாடினாள். குழந்தைதானே, மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். அவள் மறக்கவில்லை. என்னை நம்பாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

சம்மதப் பத்திரத்தை அவள் நிரப்பிய அன்றைக்கு, அதில் கையெழுத்துப் போடாமல் கீழே வைத்தேன். "ஸ்ரீ, அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. பயந்துட்டேன்னு சொல்லக்கூட எனக்கு வாயில்லை. இனிமே நீ எப்போ கூப்பிட்டாலும் அப்பா வருவேன். மடியாவது ஒண்ணாவது."

"ம்" என்றாள். அந்த 'ம்'முக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குப் பூஜைக்கு உட்கார்ந்தேன். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் போனையும் வைத்துக்கொண்டேன். விளக்கேற்றி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, போன் அடித்தது. ராஜி நம்பர். ஈரக் கையோடு எடுத்தேன்.

"என்ன ராஜி?"

"நான்தான்" என்றது ஸ்ரீயின் குரல். "ஒண்ணுமில்லை. சும்மா." வைத்துவிட்டாள்.

அர்ச்சனை ஆரம்பித்தேன். மறுபடி அடித்தது. எடுத்தேன். மறுபடி "சும்மா".

மூன்றாவது முறை பாதி அர்ச்சனையில் அடித்தபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. விளையாடறதுக்கு வேற நேரமில்லையா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு எடுத்தேன்.

"அப்பா, ரேழிக்கு வாங்கோ."

பூவைப் போட்டுவிட்டு எழுந்து வாசல் நடைக்குப் போனேன். அவள் அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். என் வேட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டடி முன்னால் வந்து, சுடுகிறதா என்று பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு விரலால் என் முழங்கையைத் தொட்டாள்.

நான் அசையவில்லை. அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சமையலறை வாசலிலிருந்து ராஜி பார்த்துக்கொண்டிருந்தாள். "மறுபடி குளிக்கணுமா பின்னே?"

"வேண்டாம். இப்படியே போய் முடிக்கறேன்" என்றேன்.

முடித்துவிட்டு வந்தபோது மேஜை மேல் படிவம் இருந்தது. இரண்டு வரிக்கும் கீழே ஸ்ரீ ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டிருந்தாள். அதன்மேல் 'அச்சன், ஆனந்தகிருஷ்ணன்' என்று மலையாளத்தில் அப்பா என்று போட்டு என் பேரை எழுதி, பக்கத்தில் என் நம்பர். அம்மாவையும் மாமியையும் நீலப் பேனாவால் எழுதியிருந்தாள். என்னைப் பென்சிலால் எழுதியிருந்தாள்.

நான் பேனாவை எடுத்து, அந்தப் பென்சில் எழுத்தைத் தொடாமல், பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டேன்.